வீட்டு டீடை (பத்திரத்தை) கவுண்டில நாமளே ரெக்கார்ட் (பதிவு) பண்றது எப்படி: கலிஃபோர்னியால லிவிங் ட்ரஸ்ட் வச்சிருக்கறவங்களுக்கு

எங்க குடும்பத்துக்கு ரொம்ப வேண்டிய ஒரு அண்ணி இருக்காங்க. அண்ணன் தவறி ரெண்டு மாசம் இருக்கும், ஒரு தடிமனான பைண்டரைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. "தம்பி, வீட்டைப் பத்திக் கவலையே படாத, எல்லாம் ட்ரஸ்ட்ல போட்டாச்சுன்னு உங்க அண்ணன் சொல்லிட்டே இருப்பாரு, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னாங்க. பார்த்தேன். ட்ரஸ்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை அதுக்குள்ள வச்சு, பின்னாடி கோர்ட்டுக்குப் போகாம குடும்பத்துக்குப் போற மாதிரி எழுதி வைக்கற ஏற்பாடு) பக்காவா இருந்துச்சு, உயில் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்கான பேப்பர் எல்லாம் இருந்துச்சு. கடைசில டீட்னு எழுதின டேப்புக்குப் பின்னாடி கையெழுத்தே போடாத ஒரு பக்கம். வீடு அண்ணன் பேர்ல மட்டும்தான், வாங்கும்போது அண்ணி எச்4 விசால (வேலை விசால இருக்கறவரோட துணைக்குக் குடுக்கறது) இருந்ததால லோன்ல அவங்க பேரைச் சேர்க்கல, வீட்ல உரிமை கேக்க மாட்டேன்னு அப்பவே அண்ணிகிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கிட்டாங்க. ஆக ட்ரஸ்ட் இருந்தும் வீடு அதுக்குள்ள போகவே இல்ல. ட்ரஸ்ட்டோட பின் இணைப்புல வீட்டு விலாசம் எழுதியிருந்ததால வீடு ட்ரஸ்ட்டுக்குச் சேர்ந்ததுன்னு கோர்ட்டே சொல்லணும்னு கேட்டு வக்கீல் ஹெக்ஸ்டாட் பெட்டிஷன்னு ஒண்ணு போட்டு (1993ல ஒரு கேஸ்ல வந்த தீர்ப்போட பேர் அது) எப்படியோ காப்பாத்திட்டார், ஆனா அதுக்கு ஆன மாசங்களும் பணமும் அண்ணி பட்ட பாடும் ஒரு மூணு பக்க பேப்பரை நேரத்துல கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் ஆபீஸ்ல குடுத்திருந்தா இல்லாமலே போயிருக்கும்.

அதனாலதான் இதை எழுதறேன். நான் வக்கீல் இல்ல, எங்க வீட்டை நானே அலமீடா கவுண்டில ட்ரஸ்ட்டுக்கு மாத்தினேன், அப்புறம் ரெண்டு மூணு பேருக்குக் கூட இருந்து செஞ்சு குடுத்திருக்கேன், அந்த அனுபவம்தான். சண்டை சச்சரவு இருக்கற சொத்து, விவாகரத்து நடந்துட்டு இருக்கற வீடு, எல்எல்சி (ஒரு வகைக் கம்பெனி) பேர்ல இருக்கற வீடு, இதெல்லாம்னா கண்டிப்பா வக்கீல்கிட்ட போயிருங்க. புருஷன் பொண்டாட்டி பேர்ல இருக்கற, நீங்களே குடியிருக்கற வீட்டை உங்க ரிவோக்கபிள் (நீங்களே ரத்து பண்ணக்கூடிய) ட்ரஸ்ட்டுக்கு மாத்தறதுன்னா தாராளமா நீங்களே செய்யலாம்.

செய்யாம விட்டா என்ன ஆகும்னு ஒரு கணக்கு மட்டும் சொல்லிடறேன். கலிஃபோர்னியால ப்ரொபேட்டுக்கு (இறந்தவர் சொத்தைக் கோர்ட் மூலமா வாரிசுகளுக்கு மாத்தறது) போனா வக்கீல் ஃபீஸ் சட்டத்துலயே எழுதியிருக்கு: முதல் 1 லட்சம் டாலருக்கு 4%, அடுத்த 1 லட்சத்துக்கு 3%, அதுக்கு மேல 8 லட்சத்துக்கு 2%, அதுக்கும் மேல 1%. 15 லட்சம் டாலர் வீடுன்னா 28,000 டாலர். எக்ஸிக்யூட்டருக்கும் (உயிலை நிறைவேத்தறவர்) அதே அளவு கேக்கலாம். இதுல கொடுமை என்னன்னா வீட்டு மேல 10 லட்சம் லோன் பாக்கி இருந்தாலும் அதைக் கழிக்க மாட்டாங்க, மொத்த மதிப்புக்குத்தான் ஃபீஸ்.

ரெக்கார்டர் ஆபீஸ் நம்ம சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரி கிடையாது

இதைப் புரிஞ்சுக்காம ஆரம்பிச்சா தப்பு நடந்துரும். ஊர்ல பத்திரப் பதிவுன்னா ரெண்டு தரப்பும் சார்பதிவாளர் முன்னாடி போய் நிக்கணும், சாட்சி, ஃபோட்டோ, கைரேகை, பதிவு ஆகலைன்னா கிரயமே செல்லாது. இங்க அப்படி இல்ல. கையெழுத்துப் போட்டு டீடைக் குடுத்த உடனே உங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் நடுவுல அது செல்லும். ரெக்கார்ட் பண்றது ஊருக்கே தெரியற மாதிரி பொதுப் பதிவேட்டுல ஏத்தறதுக்குத்தான். ஏத்தலைன்னா, நடுவுல வேற ஒருத்தர் விஷயம் தெரியாம காசு குடுத்து வாங்கி முதல்ல ரெக்கார்ட் பண்ணிட்டா சட்டம் அவங்க பக்கம் நிக்கும்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். கவுண்டர்ல இருக்கறவங்க மார்ஜின் சரியா இருக்கா, நோட்டரி சீல் தெளிவா இருக்கா, பார்சல் நம்பர் (வரிக்காக உங்க நிலத்துக்குக் குடுத்த நம்பர்) இருக்கா, ஃபீஸ் வந்துச்சான்னு பார்ப்பாங்க. டீட்ல எழுதியிருக்கறது சரியா, உங்க வீடுதானா, பேர் ஒத்துப் போகுதான்னு பார்க்கறது அவங்க வேலை இல்ல, சட்டப்படி பார்க்கவும் கூடாது. பக்கத்து வீட்டு லாட் (மனை) நம்பரைத் தப்பா எழுதிக் குடுத்தாக்கூட சீல் குத்தி நம்பர் போட்டுக் குடுத்துருவாங்க. "ரெக்கார்ட் ஆயிருச்சு, அப்ப சரியாத்தான் இருக்கும்"னு நினைக்காதீங்க, சரி பார்க்கற ஒரே ஆள் நீங்கதான்.

முதல்ல பழைய டீடை எடுங்க

வீடு வாங்கினப்ப டைட்டில் கம்பெனி (வீட்டு உரிமையைச் சரி பார்க்கற கம்பெனி) மூலமா ரெக்கார்ட் ஆன க்ராண்ட் டீட் (வித்தவர் உங்களுக்கு எழுதிக் குடுத்த பத்திரம்) தபால்ல வந்திருக்கும். டீட் ஆஃப் ட்ரஸ்ட்னு இன்னொண்ணும் இருக்கும், பேரைப் பார்த்துக் குழம்பாதீங்க, அது பேங்க்குக்கு நீங்க எழுதிக் குடுத்த அடமானம், லிவிங் ட்ரஸ்ட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நமக்கு வேண்டியது க்ராண்ட் டீட். வாங்கினதுக்கப்புறம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது மாத்தியிருந்தா கடைசியா ரெக்கார்ட் ஆன டீட். தொலைஞ்சு போச்சுன்னா கவுண்டில சில டாலர் குடுத்தா காப்பி கிடைக்கும். வீடு வாங்கின கொஞ்ச நாள்ல கவர்மென்ட் லெட்டர் மாதிரியே ஒரு கடுதாசி வரும், டீட் காப்பி வேணும்னா நூறு டாலர் கிட்ட அனுப்புங்கன்னு. அது கவுண்டி இல்ல, தனியார் ஆளுங்க, அப்படியே குப்பைல போடுங்க.

பழைய பேப்பரை எடுக்கும்போது ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) பத்திரத்தையும் பழைய சப்டிவிஷன் (மனைப் பிரிவு) பத்திரத்தையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 1920, 30, 40கள்ல எழுதின சிலதுல, வெள்ளைக்காரங்க தவிர வேற யாரும் இந்த வீட்ல குடியிருக்கக் கூடாதுன்னு பச்சையா எழுதியிருக்கும், ஆசியாக்காரங்களைத் தனியாச் சொல்லியும் எழுதியிருக்கும். 1913ல கலிஃபோர்னியா கொண்டு வந்த ஏலியன் லேண்ட் சட்டம் குடியுரிமை வாங்கத் தகுதி இல்லாதவங்க நிலம் வாங்கக் கூடாதுன்னுச்சு, 1923ல பகத் சிங் திண்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லைன்னுருச்சு. 1948ல ஷெல்லி கேஸ்ல இந்த மாதிரி நிபந்தனைகளைக் கோர்ட் அமல்படுத்தாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, ஏலியன் லேண்ட் சட்டமும் 1952ல செத்துப் போச்சு, ஆனா எழுத்து மட்டும் ரெக்கார்ட்ல அப்படியே கிடக்குது. உங்க பேப்பர்ல அப்படி இருந்தா ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் மாடிஃபிகேஷன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, காசு கிடையாது, குடுத்தீங்கன்னா அந்த வரியை அடிச்சிட்டு ரெக்கார்ட் பண்ணுவாங்க. நம்மளை உள்ளயே விடாம எழுதின பத்திரம் இருந்த மண்ணுல இன்னைக்கு நம்ம பேர்ல டீட் போடறோம், அந்த அரை மணி நேரத்தைச் செலவு பண்ணலாம்னுதான் எனக்குத் தோணுது.

புது டீட் எழுதறது

ட்ரஸ்ட் ட்ரான்ஸ்ஃபர் டீட், இல்லைன்னா சாதாரண க்ராண்ட் டீட், ரெண்டுல எதுவும் ஓகே. க்விட்க்ளெய்ம் (எனக்கு இருக்கற உரிமையை விட்டுக் குடுக்கறேன்னு மட்டும் சொல்ற டீட்) சுலபம்னு நிறையப் பேர் அதைப் போடறாங்க, நான் போட மாட்டேன். க்ராண்ட் டீட்ல சட்டமே சில உத்தரவாதங்களைச் சேர்த்துக் குடுக்குது, க்விட்க்ளெய்ம்ல அது இல்ல, டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைக்கான இன்சூரன்ஸ்) விஷயத்துல பின்னாடி கேள்வி வரலாம்.

பேப்பர் எட்டரைக்குப் பதினொண்ணு இன்ச். முதல் பக்கத்துல மேல இரண்டரை இன்ச் ஒதுக்கணும்: இடது பக்கம் மூன்றரை இன்ச் அகலத்துல யார் கேட்டு ரெக்கார்ட் பண்றாங்க, ஒரிஜினலை எந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பணும்னு எழுதணும், வலது பக்கம் அஞ்சு இன்ச் ரெக்கார்டருக்கு, அங்க ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது. அதுக்குக் கீழதான் டீடோட தலைப்பு. பக்கம் வேற சைஸ்ல இருந்தா ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதல் காசு.

அப்புறம் பேர். நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்து விசால எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம்) வந்து, க்ரீன் கார்டுல அப்பா பேர் கடைசிப் பேரா மாறி, சிட்டிசன் ஆகும்போது இன்னொரு மாதிரி மாத்திக்கிட்டு, லைசன்ஸ்ல இனிஷியலோட இருக்கும். பழைய டீட்ல எந்த எழுத்துல இருக்கோ அதே எழுத்துல குடுக்கறவர் பேர் இருக்கணும். இப்ப பேர் மாறியிருந்தா இப்போதைய பேரை எழுதி, பக்கத்துல "ஹூ அக்வயர்ட் டைட்டில் ஆஸ்"னு (இந்தப் பேர்ல வாங்கினவர்னு அர்த்தம்) போட்டு பழைய பேரையும் எழுதணும். இல்லைன்னா இருபது வருஷம் கழிச்சு உங்க பொண்ணு வீட்டை விக்கப் போகும்போது, இந்தப் பேர்ல வாங்கினவர் வேற, அந்தப் பேர்ல எழுதிக் குடுத்தவர் வேறன்னு டைட்டில் கம்பெனி நிறுத்தி வைக்கும்.

வாங்கறவர் இடத்துல ட்ரஸ்ட் பேரை மட்டும் எழுதாதீங்க. சொத்தை வச்சிருக்கறது ட்ரஸ்டி (ட்ரஸ்ட்டை நிர்வகிக்கறவர்), அதனால "இன்னார், இன்னார், ட்ரஸ்டீஸ் ஆஃப் தி இன்ன லிவிங் ட்ரஸ்ட்"னு எழுதி ட்ரஸ்ட்ல கையெழுத்துப் போட்ட தேதியையும் சேர்க்கணும். ட்ரஸ்ட்டை அப்புறம் திருத்தி எழுதியிருந்தா அதைப் பத்தி ட்ரஸ்ட் பேப்பர்லயே என்ன சொல்லியிருக்கோ அதே மாதிரி.

லீகல் டிஸ்க்ரிப்ஷன், அதாவது ஊர்ல நாம சொல்ற சொத்து விவரம். லாட் நம்பர், ட்ராக்ட் நம்பர், எந்த மேப் புக், எந்தப் பக்கம்னு வரும். தெரு விலாசம் இதுக்குப் பதில் ஆகாது, டாக்ஸ் பில்ல இருக்கற சுருக்கமும் ஆகாது. பழைய டீட்ல இருக்கறதை அப்படியே எழுத்துக்கு எழுத்து "எக்ஸிபிட் A"ன்னு ஒரு தனிப் பக்கத்துல கொண்டு வாங்க. டவுன்ஹோம், காண்டோன்னா மூணு நாலு பார்சலா பிரிச்சு நீளமா இருக்கும், பொதுப் பாதைல நடக்கற உரிமை கூட ஒரு பார்சலா வரும், ஒண்ணைக் கூட விடக் கூடாது. நான் டைப் பண்ணினதுக்கப்புறம் என் மனைவி பழைய டீடை வாய்விட்டுப் படிக்க நான் புதுசைப் பார்த்துட்டே வந்தேன். ரெண்டு இடத்துல நம்பர் மாறிப் போயிருந்தது, ஒரே ஆளா திரும்பத் திரும்பப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன். பார்சல் நம்பர், ஏபிஎன்னு சொல்வாங்க, அதையும் முதல் பக்கத்துல போடுங்க, வரி பில்லை எங்க அனுப்பணும்கறதையும் எழுதுங்க.

அப்புறம் ரெண்டு வாசகம் முதல் பக்கத்துல கண்டிப்பா இருக்கணும், இல்லைன்னா காசு போகும். ஒண்ணு டாக்குமென்டரி ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ். வித்தா 1,000 டாலருக்கு 1.10 டாலர், அது போக ஓக்லேண்ட், பெர்க்லி, சான் ஹோஸே மாதிரி ஊர்கள்ல சிட்டி வரி தனியா. நாம விக்கல, நம்ம ட்ரஸ்ட்டுக்கே மாத்தறோம், அதனால வரி பூஜ்யம், காரணம் ரெவின்யூ அண்ட் டாக்ஸேஷன் கோட் 11930னு எழுதணும். இன்னொண்ணு எஸ்பி2 (ஒரு மாநிலச் சட்டத்தோட பேர்) ஃபீஸ், 2018 ஜனவரில இருந்து இருக்கு, 75 டாலர். நீங்க குடியிருக்கற வீடுன்னா விலக்கு, ஆனா கேட்டாத்தான்: கவர்மென்ட் கோட் 27388.1படி குடியிருக்கற ஓனருக்கு மாத்தறோம்னு எழுதியிருக்கணும். வாடகைக்கு விட்ட வீடுன்னா அந்த 75 கட்டித்தான் ஆகணும், பொய் எழுதாதீங்க.

சோஷியல் செக்யூரிட்டி நம்பரை எங்கயும் எழுத வேண்டாம், இது யார் வேணா பார்க்கற ரெக்கார்ட்.

நோட்டரி

குடுக்கறவங்க மட்டும் கையெழுத்துப் போட்டா போதும், ரெண்டு பேர் பேர்ல வீடு இருந்தா ரெண்டு பேரும் நோட்டரி முன்னாடி. ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம், வீட்டுக்கு வந்தா வர்ற செலவு தனி. ஐடி கொண்டு போங்க, டீடுங்கறதால நோட்டரி புக்குல கட்டை விரல் ரேகையும் எடுப்பாங்க. நோட்டரி பக்கத்துல மேல கட்டம் கட்டி, ஆளோட அடையாளத்தை மட்டும்தான் நான் சரி பார்த்தேன், பத்திரம் உண்மையான்னு இல்லன்னு ஒரு வாசகம் இருக்கணும், 2015ல இருந்து அது கட்டாயம். பழைய டெம்ப்ளேட்டை டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா அது இருக்காது.

எனக்கு முதல் தடவை டீட் திரும்பி வந்துருச்சு. நோட்டரி சீலை அவசரத்துல எழுத்து மேல குத்திட்டார், ஸ்கேன் பண்ணினா படிக்க முடியாது, அதனால ஏத்துக்கல. மறுபடி கையெழுத்து, மறுபடி காசு, மூணு வாரம் போச்சு. அந்த இடத்துலயே ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து எல்லா எழுத்தும் தெரியுதான்னு பார்த்துட்டு எழுந்திரிங்க.

பேர்ல இருக்கற ஒருத்தர் ஊர்ல இருந்தா, அம்மாவோ அப்பாவோ கூட டைட்டில்ல இருக்கலாம், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துல அப்பாயின்ட்மென்ட் வாங்கி அங்க நோட்டரி பண்ணலாம், ஒரு சீலுக்கு 50 டாலர். இல்லைன்னா ஊர் நோட்டரிகிட்ட போட்டு அபோஸ்டில் (அந்தக் கையெழுத்தும் சீலும் உண்மைதான்னு அரசாங்கம் குடுக்கற சான்று) வாங்கணும், வெறும் நோட்டரி சீலோட வந்த டீடை இங்க ஏத்துக்க மாட்டாங்க.

பிசிஓஆர் ஃபார்ம்

ப்ரிலிமினரி சேஞ்ச் ஆஃப் ஓனர்ஷிப் ரிப்போர்ட், டீட் கூடவே குடுக்கணும், இல்லைன்னா 20 டாலர் கூடுதல். அதை விடப் பெரிய விஷயம், இது அசெசர் (வீட்டு வரி மதிப்பு போடற) ஆபீஸுக்குப் போகுது. 1978ல வந்த ப்ரொபசிஷன் 13னால நம்ம வீட்டு வரி மதிப்பு வருஷத்துக்கு 2%க்கு மேல ஏறாது, கை மாறினா இன்னைக்கு மார்க்கெட் விலைக்குப் போகும். 8 லட்சத்துல இருக்கற மதிப்பு 18 லட்சமானா அடிப்படை 1% வரி மட்டுமே வருஷம் 10,000 டாலர் கூடும். நம்மளே ரத்து பண்ணக்கூடிய, நம்ம நலனுக்கான ட்ரஸ்ட்டுக்கு மாத்தறது கை மாறினதா கணக்கு இல்ல, அதுக்குன்னு ஃபார்ம்ல ஒரு பாக்ஸ் இருக்கு, அதை யெஸ்னு டிக் பண்ணுங்க. விலை கேக்கற பகுதியெல்லாம் நமக்குப் பொருந்தாது.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், ட்ரஸ்ட் எதுக்கு, பையன் பேரையே டீட்ல சேர்த்துட்டா போச்சுன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. வேண்டாம். சேர்த்த நிமிஷமே வீட்ல ஒரு பங்கு அவனுடையது, அவன் கடனும் விவாகரத்தும் உங்க வீட்டுக்குள்ள வரும், கிஃப்ட் டாக்ஸ் ஃபார்ம் 709 போட வேண்டி வரலாம், பின்னாடி அவன் வித்தா நீங்க வாங்கின பழைய விலையை வச்சு அந்தப் பங்குக்கு லாப வரி. ப்ரொபசிஷன் 19 வந்ததுக்கப்புறம், 2021 பிப்ரவரி 16ல இருந்து, பிள்ளை அந்த வீட்லயே ஒரு வருஷத்துக்குள்ள குடியேறினாத்தான் பழைய வரி மதிப்பு கிடைக்கும், அதுக்கும் ஒரு வரம்பு உண்டு. கணவன் மனைவிக்குள்ள மாத்தறதுக்கு வரி மதிப்பு ஏறாது, ஆனா மனைவி அமெரிக்க சிட்டிசன் இல்லைன்னா கிஃப்ட் டாக்ஸ்ல தனி வரம்பு இருக்கு (2025க்கு 1,90,000 டாலர்), வீட்ல பாதிங்கறது அதைத் தாண்டிரும், டாக்ஸ் ஆள்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

கொண்டு போய்க் குடுக்கறது

வீடு எந்த கவுண்டில இருக்கோ அங்கதான், நீங்க எங்க இருக்கீங்கங்கறது கணக்கே இல்ல. ஃப்ரீமான்ட், டப்ளின், ப்ளெசன்டன்னா அலமீடா, ஓக்லேண்ட் மேடிசன் ஸ்ட்ரீட்ல ஆபீஸ். சன்னிவேல், சான் ஹோஸேன்னா சாண்டா க்ளாரா. கம்ப்யூட்டர் மூலமா அனுப்பற வசதி டைட்டில் கம்பெனி மாதிரி அனுமதி வாங்கினவங்களுக்குத்தான், நமக்கு நேர்ல இல்லைன்னா தபால். நான் நேர்ல போகத்தான் சொல்வேன், ஏதாவது குறைன்னா அங்கயே சொல்லிருவாங்க. சாயந்திரம் மூடற நேரத்துக்குப் போகாதீங்க. தபால்னா ஒரிஜினல் டீட், பிசிஓஆர், செக், ஸ்டாம்ப் ஒட்டின கவர், ட்ராக்கிங்கோட அனுப்புங்க.

அடிப்படை ஃபீஸ் முதல் பக்கத்துக்கு 10 டாலர், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 3. டீட், எக்ஸிபிட், நோட்டரி பக்கம்னு மூணுன்னா 16. அதுமேல கவுண்டிக்கு கவுண்டி சின்னச் சின்னதா சேரும், கிளம்பறதுக்கு முந்தின நாள் அவங்க சைட்ல ஃபீஸ் பட்டியலைப் பாருங்க. நோட்டரி பக்கத்தையும் பக்கமா எண்ணுவாங்க, தபால்ல அனுப்பும்போது இதை மறந்து காசு குறைஞ்சு திரும்பி வந்த கதை தெரியும்.

வேற மாநிலத்துல இருக்கறவங்களுக்கு: ஆபீஸ் பேரே மாறும். டெக்சாஸ்ல கவுண்டி கிளார்க், வாஷிங்டன் மாநிலத்துல பெரும்பாலும் கவுண்டி ஆடிட்டர், வர்ஜீனியால சர்க்யூட் கோர்ட் கிளார்க், கனெக்டிகட்ல கவுண்டி நிர்வாகமே இல்ல, டவுன் கிளார்க்தான். ஃபார்மும் ஃபீஸும் வேற, ஆனா பேர், சொத்து விவரம், நோட்டரி இந்த மூணையும் எங்கயும் கவனமாப் பார்க்கணும்.

ரெக்கார்ட் ஆனதுக்கப்புறம்

வலது மேல மூலைல நம்பரும் தேதியும் குத்தி சில வாரத்துல ஒரிஜினல் வரும். வந்ததும் மறுபடி உக்காந்து ஒரு தடவை படிங்க. தப்பு இருந்தா அழிச்சு எழுதறதெல்லாம் கிடையாது, திருத்தின டீடைப் போட்டு மறுபடி ரெக்கார்ட் பண்ணணும், நோட்டரி, ஃபீஸ் எல்லாம் முதல்ல இருந்து. வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி ட்ரஸ்ட்டையும் சேர்க்கச் சொல்லுங்க. லோன் குடுத்த பேங்க் முழுப் பணத்தையும் கேக்குமோன்னு பயப்பட வேண்டாம், 1982 கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டப்படி நீங்களே பயனாளியா இருந்து குடியிருக்கற வரைக்கும் ட்ரஸ்ட்டுக்கு மாத்தினதுக்காக அப்படிக் கேக்க முடியாது.

எல்லாம் முடிஞ்சும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. ரீஃபைனான்ஸ், அதாவது பழைய வீட்டு லோனை அடைச்சிட்டு புது லோன் வாங்கறது. சில பேங்க் லோன் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டை ட்ரஸ்ட்ல இருந்து வெளிய எடுத்து உங்க சொந்தப் பேருக்கு மாத்தச் சொல்லுவாங்க, நூறு பக்கக் கையெழுத்துக்கு நடுவுல அந்த டீடும் ஒண்ணா வந்துட்டுப் போயிரும், திரும்ப உள்ள போடற டீடை யாரும் போட மாட்டாங்க. வட்டி குறைஞ்ச சந்தோஷத்துல நமக்கும் ஞாபகம் இருக்காது. க்ளோசிங் அன்னைக்கு, கையெழுத்து வாங்க வர்றவர்கிட்ட, இதுல ட்ரஸ்ட்ல இருந்து எடுக்கற டீட் இருக்கா, இருந்தா திரும்பப் போடறதை யார் ரெக்கார்ட் பண்றாங்கன்னு கேளுங்க. பதில் தெளிவா இல்லைன்னா, லோன் ரெக்கார்ட் ஆன மறு வாரமே இதே மூணு பக்கத்தை மறுபடி ப்ரின்ட் எடுத்துக்கிட்டு நோட்டரிகிட்ட போயிருங்க.